எரிந்த கற்களைக் கொண்டே



இன்று இந்த மறையுரையின் முடிவில், நம் பங்கின் துயர்துடைப்புப் பணிக்குழுவில் பெயர் கொடுத்திருப்பவர்களைப் பீடத்தின் முன் அழைத்து ஆசீர்வதிக்கப் போகிறோம். தீயோ வெள்ளமோ ஓய்ந்த பிறகு, யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் போய்ச் சாம்பலையும் சேற்றையும் அள்ளுவதுதான் அவர்கள் ஏற்றிருக்கும் வேலை. குப்பை அள்ளுவதற்கு ஆசீர் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். முதல் வாசகத்தில் நாம் சந்தித்த நெகேமியா அதற்குப் பதில் சொல்கிறார்.

நெகேமியா சூசா அரண்மனையில் அரசருக்குப் பானம் பரிமாறியவர். அவருக்கு ஒரு குறையும் இல்லை. எருசலேமின் மதில் இடிந்து, வாயில்கள் தீக்கிரையாகிக் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டதும் உட்கார்ந்து அழுதார். நோன்பிருந்து மன்றாடினார். பிறகு அரசரிடம் விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டார். எருசலேமுக்கு வந்து சேர்ந்தவர் உடனே கூட்டம் கூட்டவில்லை. மூன்று நாள் கழித்து, இரவில், சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் ஏறிவந்த விலங்கு கால் வைக்கவும் வழியில்லை, அவ்வளவு இடிபாடு. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பின்புதான் மக்களிடம் வாய் திறந்தார்.

அடுத்து வரும் மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல். ஆனால் அது எப்படிப்பட்ட பட்டியல்! குருக்கள் கல் சுமக்கிறார்கள். பொற்கொல்லர் ஒருவரும் நறுமணத் தைலம் செய்பவர் ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மதிலைச் செப்பனிடுகிறார்கள். சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு வேலை செய்கிறார். நகரத்துக் கழிவெல்லாம் வெளியேறும் குப்பைமேட்டு வாயிலைக் கட்டியவர் ஒரு மாவட்டத்தின் தலைவர். தெக்கோவா ஊர்ப் பெருமக்களோ இந்த வேலைக்குத் தோள் கொடுக்க மறுத்தார்கள். அதையும் இறைவார்த்தை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஆண்டவருடைய கணக்கில், கல்லும் மண்ணும் அள்ளியவரின் பெயர் அழிவதில்லை.

நம் பினாங்கும் இடிபாட்டை அறிந்த ஊர்தான். நம் ஆலயத்திலிருந்து சில நிமிட நடையில் சூலியா தெரு. நாகூர் தர்காவும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்த நகரத்தின் மேல் வந்தபோது, ஆபத்து அறியாத மக்கள் தெருவில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டுகள் விழுந்தன, கடைவீடுகள் எரிந்தன. அடுத்த நாட்களிலும் தாக்குதல் ஓயவில்லை. சடலங்கள் எடுப்பாரின்றித் தெருக்களில் கிடந்தன. அந்த நேரத்தில் ஆங்கிலேய ஆட்சியாளர்கள் ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றி அனுப்பினார்கள். பிறகு தாங்களும் தீவை விட்டுப் போனார்கள். மற்றவர்களைக் கைவிட்டார்கள்.

அப்போது ஓடாமல் நின்றவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. அவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர். பல இனத்தவரும் சேர்ந்த பினாங்கு சேவைக் குழுவுக்குத் தலைமையேற்றார். அவரும் குழுவினரும் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கி, இங்கே இனிப் படை இல்லை என்று வானொலியில் அறிவித்து, மேலும் குண்டு விழாமல் தடுக்க முயன்றார்கள். அதிகாரம் உள்ளவர்கள் போன பிறகு, ஊர்க்காரர்களே ஊரைத் தாங்கினார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று குண்டு பிரித்துப் பார்க்கவில்லை. தாங்கிய தோள்களும் பிரித்துப் பார்க்கவில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெருவெள்ளம் வந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோனபோதும் அப்படித்தான். தாமான் ஃப்ரீ ஸ்கூலில் உள்ள ஒரு சூராவ், அதாவது முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடம், தப்பி வந்த சீன அண்டைவீட்டாருக்கு இரவோடிரவாகக் கதவைத் திறந்தது. இத்தகைய மண்ணில் வாழும் நாம் உதவிக்குப் போகும்போது, இது எந்தச் சமயத்தவர் வீடு என்று கேட்பதற்கு இடமே இல்லை.

வெள்ளம் நம் வாசலுக்கே வந்தது. காட்டுத்தீயோ நமக்குப் பெரும்பாலும் புகைமூட்டமாகவே வந்திருக்கிறது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலம் எரியும்போது, 2015இலும் 2019இலும் நம் பிள்ளைகளின் பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. அந்தப் புகைக்குப் பின்னால் எரிந்த நிலமும் குடும்பங்களும் உண்டு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அப்படித் தொலைவில், 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பரவிய காட்டுத்தீ 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. பசிபிக் பாலிசேட்ஸில் இருந்த ‘கிறிஸ்துவின் திருவுடல்’ ஆலயமும் எரிந்தது. இடிபாடுகளுக்குள் போன தீயணைப்பு வீரர்கள் நற்கருணைப் பேழையை முழுதாகக் கண்டெடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆண்டவர் அந்தச் சாம்பலின் நடுவில் இருந்தார், அன்பர்களே. சாம்பல் அள்ளப் போகிறவர் அவரிடம்தான் போகிறார்.

அங்கே எரிந்த வீடுகளுக்குப் போன கிறிஸ்தவத் தொண்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாம்பலைக் கம்பிச் சல்லடையில் இட்டுச் சலித்தார்கள். பழைய வீட்டின் சாம்பலில் ஈயமும் கல்நாரும் கலந்திருக்கும் என்பதால் உடல் முழுதும் மூடும் உடையும் முகக்கவசமும் அணிந்து, நாள் முழுதும் குனிந்து நின்றார்கள். ஒரு திருமண மோதிரத்துக்காக, பாட்டி வைத்திருந்த ஒரு பீங்கான் கோப்பைக்காக. கணக்குப் பார்ப்பவருக்கு இது வீண் உழைப்பு. அன்புக்கு அப்படியல்ல. காணாமற்போன ஒரு நாணயத்துக்காக விளக்கேற்றி வீடு முழுதும் கூட்டித் தேடிய பெண்ணை உவமையாகச் சொன்னவர் நம் ஆண்டவர்.

பணிக்குழுவில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்றைக் கட்டளையாகவே சொல்கிறேன். வீட்டுக்காரரைக் கேட்காமல் எதையும் தூக்கி எறியாதீர்கள். நனைந்து உப்பிய புகைப்படம், கருகிய தையல் இயந்திரம், கைப்பிடி உடைந்த உரல், எதுவானாலும் கையில் எடுத்துக் காட்டி, “அம்மா, இது வேண்டுமா?” என்று கேளுங்கள். எல்லாவற்றையும் இழந்தவருக்கு எஞ்சியிருப்பது, தம் வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஒன்றுதான். நம் அவசரத்தால் அதையும் பறித்துவிடக் கூடாது. அவர் பேச விரும்பினால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். அவர் நிலையைப் படமெடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள். நெகேமியா இரவில் வாய்மூடிச் சுற்றிப் பார்த்தாரே, அந்த அடக்கம் உங்களுக்கும் வேண்டும்.

வேலை தொடங்கிய உற்சாகம் நீடிக்காது என்பதையும் விவிலியம் ஒளிக்கவில்லை. சுமப்பவர்களின் வலிமை குன்றிவிட்டது, இடிபாடோ மிகுதி என்று யூதா மக்கள் சோர்ந்துபோனார்கள். எரிந்த கற்களுக்கு உயிர் கொடுக்கப் போகிறார்களா என்று அவர்களை எதிர்த்த சன்பலாற்று ஏளனம் செய்தான். அந்த மக்களோ பாதிப் பேர் காவல் நிற்க, பாதிப் பேர் கட்ட, வேலையைத் தொடர்ந்து 52 நாளில் மதிலை முடித்தார்கள். எல்லாரும் வந்துவிட்டுப் போன பிறகு, மூன்றாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் யார் அந்த வாசலில் நிற்கிறார்கள் என்பதுதான் நம் அன்புக்குச் சோதனை. சுமக்க முடியாத முதியவர்கள் சமைத்துக் கொடுங்கள். துணி துவைத்துக் கொடுங்கள். அடையாள அட்டையும் பத்திரங்களும் தொலைந்தவருக்கு, படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் கூடப்போய் உதவுங்கள். பெயர் கொடுக்காத யாரும் இந்தப் பணிக்கு வெளியே இல்லை.

இறைவன் எரிந்த கற்களை ஒதுக்குவதில்லை. நம் ஒவ்வொருவர் வாழ்விலும் கருகிப்போன பகுதி உண்டு. அதை அவர் அள்ளி எறிந்துவிட்டுப் புதிதாக யாரையும் தேடவில்லை. நம்மைக் கொண்டே தம் திருச்சபையைக் கட்டுகிறார். அந்த இரக்கத்தைப் பெற்றவர்கள் அதே இரக்கத்தோடு பிறர் வாசலுக்குப் போவோம்.

ஆண்டவரே, இப்பணிக்குச் செல்வோரின் கைகளுக்கு வலிமையும், கண்களுக்குக் கனிவும், நாவுக்கு அடக்கமும் தாரும். வீடிழந்தவர்களுக்கு நீரே வீடாயிரும். பணிக்குழுவினர் முன்னே வாருங்கள். இறைமக்கள் அனைவரும் எழுந்து இவர்களுக்காக மன்றாடுவோம். ஆமென்.