படிகப் பரப்பும் முக்காரணக் கோட்பாடும்

ஒரு பொருள் தோன்றுமுன் அதன் வடிவு எங்கே இருந்தது என்னும் வினாவுக்கு இந்தியத் தத்துவ மரபுகள் இரு வேறு விடைகளைத் தந்துள்ளன. காரியம் தன் காரணத்துள் நுண்ணிலையில் முன்பே உள்ளது என்று சாங்கியமும் சைவ சித்தாந்தமும் கொள்ள, முன்பு இல்லாததே புதிதாகத் தொடங்குகிறது என்று நியாய வைசேடிகர் கொண்டனர்; முன்னதற்குச் சற்காரியவாதம் என்றும் பின்னதற்கு அசற்காரியவாதம் என்றும் பெயர். சித்தாந்த நூல்கள் இதனோடு மூவகைக் காரணத்தையும் சேர்த்துரைக்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், அதாவது காரியமாகவே மாறி நிற்பது. தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம், அதாவது அறிந்து செய்பவன். உலகுக்கு முதற்காரணமாகிய அறிவற்ற மாயை தானே உலகாய் விரியாது, விரிப்பதற்கு அறிவுடைய ஒருவன் வேண்டும் என்னும் வாதம் இப்பகுப்பின் மேல் எழுந்தது. புரதமும் கனிமப் படிகமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நிகழ்வன பற்றி இன்றைய வேதியியல் கூறுவன, இப்பகுப்பை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்கின்றன.

முத்துச்சிப்பியின் ஓடு இதற்கு நல்ல களம். அதன் வெளியடுக்கு கால்சைட், உள்ளே மின்னும் முத்தடுக்கு அரகோனைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்டே ஆயினும் அணுக்கள் அடுக்கப்பட்ட முறையால் வேறுபட்டவை. கால்சைட்டில் ஒவ்வொரு கால்சியம் அயனியையும் ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சூழ, அரகோனைட்டில் ஒன்பது சூழ்கின்றன. சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் கால்சைட்டே நிலைபேறு மிக்கது என்பதால், நிலைபேறு குறைந்த அரகோனைட் அடுத்த அடுக்கிலேயே ஏன் உருவாகிறது என்பது நெடுநாள் வினாவாக இருந்தது. கடல்நீரின் மக்னீசியம் கால்சைட்டின் வளர்ச்சியைத் தடுப்பது ஒரு காரணம். ஆனால் ஒரே கடலில் வாழும் ஒரே சிப்பி இரண்டையும் கட்டுவதை அது மட்டும் விளக்காது. 1996இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், ஓடுகளின் அரகோனைட் அடுக்கிலிருந்து பிரித்தெடுத்த பெருமூலக்கூறுகளைக் கைட்டினும் பட்டுப் புரதமும் சேர்ந்த தாங்குபரப்பில் படியவைத்தபோது அரகோனைட்டும், கால்சைட் அடுக்கிலிருந்து எடுத்தவற்றைப் படியவைத்தபோது பெரும்பாலும் கால்சைட்டும் உருவாயின. இவ்வகைப் புரதங்களில் அஸ்பார்டிக் அமிலம் மிகுதி; அதன் எதிர்மின் கார்பாக்சில் தொகுதிகள் கால்சியம் அயனிகளைப் பற்றுகின்றன.

இங்கே சற்காரியவாதம் வலுப்பெறுகிறது என்றே கொள்ள வேண்டும். புரதம் அரகோனைட்டின் வடிவைப் படைக்கவில்லை. கால்சியமும் கார்பனேட்டும் கூடக்கூடிய முறைகள் அவற்றின் இயல்பிலேயே அடங்கியுள்ளன, புரதம் அவற்றுள் ஒன்றுக்கு வழிவிடுகிறது. அவ்வாறாயின் புரதத்தைத் தண்டும் சக்கரமும் போலத் துணைக்காரணமாக வைத்துவிடலாம் எனத் தோன்றும். அது போதாது, ஏனெனில் குடத்தை வனைவதால் சக்கரம் உருமாறுவதில்லை, புரதமோ படிகத்தால் தானும் உருமாறுகிறது. எடுத்துக்காட்டாக, மனித உமிழ்நீரில் 43 அமினோ அமிலங்கள் கொண்ட ஸ்டாதெரின் என்னும் சிறு புரதம் உள்ளது. கால்சியம் பாஸ்பேட் தேவையற்ற இடங்களில் படிவதை அது தடுக்கிறது. கரைசலில் பெரும்பாலும் ஒழுங்கற்றுக் கிடக்கும் இப்புரதம், பல் எனாமலின் கனிமமாகிய ஹைட்ராக்ஸி அபடைட்டின் மேல் ஒட்டும்போது, அதன் ஒரு முனை சுருள் வடிவாக மடிகிறது. எனாமல் பரப்பில் கனிமம் வளர்வதைப் புரதம் கட்டுப்படுத்த, புரதத்தின் வடிவை எனாமல் கட்டுப்படுத்துகிறது.

உயிர்ப்பொருள் எதுவும் இல்லாத இடத்திலும் கனிமப் பரப்பு இவ்வாறு செயல்படுவதற்கு அயனித் திரவங்கள் சான்று. அறை வெப்பத்திலோ 100 பாகை செல்சியசுக்குக் கீழோ உருகிய நிலையில் இருக்கும், அயனிகளால் மட்டுமே ஆன உப்புகளை அயனித் திரவங்கள் என்பர். ஏறத்தாழ 12 பாகையில் உருகும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டை வேதியியலாளர் பால் வால்டன் 1914இல் விவரித்தார். மைக்கா எனப்படும் அப்பிரகத்தின் வழுவழுப்பான பரப்பு நீரில் எதிர்மின்னூட்டம் பெறுவதுபோலவே இத்திரவத்திலும் பெறுகிறது. நேரயனிகள் அதனை ஒட்டி நிற்க, எதிரயனிகள் அடுத்து வர, சில நானோமீட்டர் தொலைவு வரை திரவம் அடுக்கடுக்காக ஒழுங்குற்றுப் பின் அவ்வொழுங்கு மங்கிவிடுகிறது. சிப்பியில் வனையப்படுவதாகத் தோன்றிய கனிமம் இங்கே வனைகிறது.

ஆகவே குயவனை முன்வைத்து அமைந்த பகுப்பு, செய்வது மாறாமல் நிற்கச் செய்யப்படுவது மட்டுமே மாறும் என்னும் கருத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. பரப்புகளில் அது பொருந்தவில்லை. சிப்பியின் எழிலைக் காட்டி இத்தகைய ஒழுங்கு அறிவின்றி அமையாது என்று நிறுவ முயல்வோர், ஜடங்கள் இரண்டு ஒன்றையொன்று ஒழுங்குபடுத்தும் இச்செய்தியை எதிர்கொண்டே ஆக வேண்டும். இதனால் நிமித்த காரணமே வேண்டாம் என்று முடிப்போரும் விரைந்து விடுகின்றனர். சித்தாந்தத்தில் இறைவனை நாடும் வாதத்தின் ஆழமான வேர் கற்களின் வடிவில் இல்லை. வினையும் அறிவற்றது, ஆணவத்தால் மறைப்புண்ட உயிரும் தனக்குரியதைத் தானே அறிந்து கொள்ளாது. அவ்வவ்வுயிரின் வினைக்கேற்பத் தனு (உடல்), கரணம் (கருவிகள்), புவனம் (உலகு), போகம் (நுகர்பொருள்) ஆகியவற்றைக் கூட்டுவிப்பது யார் என்பதே அந்த வேர். அரகோனைட் எவ்வாறு எழுகிறது என்பதற்கு வேதியியல் தரும் விடை எவ்வளவு நிறைவானதாயினும், துய்க்கும் உயிருக்கு உடல் எதற்காக வாய்த்தது என்னும் இவ்வினாவை அது தொடுவதில்லை. தொட்டதாகக் காட்டிச் சிப்பி ஓட்டைச் சமயத்துக்குச் சான்றாக்குவது, சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியார் போன்றோர் கட்டிய வாதத்தை அதன் வலிமை குன்றிய பகுதியில் நிறுத்துவதாகும்.