தாகமும் தவமும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீனவர் குப்பம் ஒன்றில் எம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் ஆசிரியையாகப் பணிபுரிகிறார். அவர் அழைப்பின்பேரில் சென்ற சித்திரைத் திங்களில் இரு நாள் அங்குத் தங்கினோம். மீன் பிடிக்கும் ஊரில் சமணர்க்கு என்ன வேலை என வினவும் அன்பர்கள் பொறுத்தருள்க.

கரையோரத்து வெண்கண்டல் மரத்தின் இலையைத் தொட்டோம். விரலில் உப்பு ஒட்டியது. ஆரணியாற்றில் நீர் குன்றி, முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும் வேனிலில் ஏரிநீர் கடல்நீரினும் உப்பேறிவிடும். நீரோ உப்பு மிக்க பக்கமே ஈர்க்கப்படும் இயல்பினது. ஆதலின் வேரைச் சூழ நீர் நின்றும் மரத்திற்குத் தாகமே. வெண்கண்டல் உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்து, மீறி நுழைந்ததை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. அருகிலுள்ள உமரிச் செடி தன் தடித்த இலைகளில் உப்பைத் தேக்கிக்கொள்கிறது; முதிர்ந்த இலைகள் அவ்வுப்போடு உதிர்கின்றன. நீர் மேலும் குறையின், செடிகளில் அப்சிசிக் அமிலம் பெருகி இலைத்துளைகளை மூடச் செய்யும். மூடினால் நீர் போகாது. கரியமில வாயுவும் உட்புகாது. உணவு சமைக்க வழியில்லை. தாகத்திற்கு அஞ்சிய செடி பசியை ஏற்கிறது.

இதனை யாம் வகுப்பறையில், குழாயைத் திறந்து மூடுவது போன்றதெனக் கற்பித்தோம். ஆலயச் சொற்பொழிவிலோ, மரம் தவம் செய்கிறது எனப் புகழ்ந்தோம். இரண்டும் பிழையென இன்று தோன்றுகிறது. நிலையுயிர்கள் வினைப்பயனை நுகர்வன மட்டுமே எனக் குந்தகுந்தர் பஞ்சாஸ்திகாயத்தில் உரைத்தார். அவற்றிற்கு உணர்வு உண்டு, தெரிவு இல்லை. விரும்பாமலே பசிதாகம் பொறுப்பதனை அகாம நிர்ஜரை, அதாவது விருப்பமற்ற உதிர்ப்பு, என்பர் நம் முன்னோர். அதிலும் வினை உதிரும். ஆயினும் அது தவம் அன்று.

அன்று சதுர்த்தசி. யாம் உண்ணாநோன்பு இருப்பதை அறிந்த அண்டை வீட்டு மூதாட்டி, "முகத்துவாரம் அடைஞ்சா எங்களுக்கும் நோன்புதான், டீச்சரம்மா" எனச் சிரித்தார். யாமும் சிரித்து, "எளிய வாழ்வும் ஒரு தவமே" என்று மறுமொழி கூறினோம். கூறிய சொல் இரவெல்லாம் எம்மை உறுத்தியது. எமது நோன்புக்கு மறுநாள் காலையில் பாரணை உண்டு; அரிசியும் பயறும் எடுத்து வைத்தாயிற்று. அவர் வீட்டு வலைக்கு அந்த உறுதி ஏது? பிறர் பசிக்குத் தவமெனப் பெயரிட்டுவிட்டால், சோறிடும் கடமை நம்மை விட்டு நீங்கிவிடுகிறதன்றோ! மரத்தின் தாகத்தைத் தவமென்றால், ஆற்றுநீரை மறித்தவனுக்கும் குற்றமில்லை என்றாகும். அறுபது ஆண்டுகளாக அறநூல் படித்தும் இவ்வெளிய பிழையை யாம் காணவில்லை.

பொழுது புலர்ந்ததும் பாரணைக்கு அம்மூதாட்டியையும் அழைத்தோம். தயங்கி வந்தமர்ந்தார். பயற்றங்கஞ்சியை இருமுறை கேட்டு வாங்கி உண்டார். உப்புத்தான் போதவில்லை என்றார்.