கதிர் பொறுக்கும் பெண்கள்



பிரான்சு தேசத்து ஓவியர் மில்லே 1857-ல் தீட்டிய படம் ஒன்று பாரீஸ் நகரத்து ஓர்சே காட்சிசாலையில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள். இருவர் இடுப்பொடியக் குனிந்து, தாளுக்கிடையே சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். மூன்றாமவள் பாதி குனிந்து நிற்கிறாள். நமது கொல்லைகளில் கடலை பிடுங்கினபின் மண்ணைக் கிளறும் பெண்களைக் கண்டவர்களுக்கு அந்த முதுகுகள் புதியவையல்ல. தூரத்தில் மலைபோல் போர்கள், பாரமேற்றிய வண்டி, குதிரைமேல் ஒரு மேற்பார்வைக்காரர். 1848 கலகத்தை மறவாத பாரீஸ் கனவான்கள் சிலருக்குப் படம் பிடிக்கவில்லை. ஏழைகளை இத்தனை பெரிதாய்த் தீட்டியதே அவர்களுக்குப் பயமாயிருந்தது.

சிந்திய கதிர் யாருடையது? "என் நிலம், என் விதை, என் உரம், பொறுக்க விட்டால் அது நான் செய்யும் தர்மம்" என்பீர்கள். மோயீசன் வழியாய்ச் சர்வேசுரன் தந்த சட்டம் அப்படிச் சொல்லக் காணோம். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கலாகாது, சிந்தினதைப் பொறுக்கலாகாது, அதை எளியவருக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்கிறது லேவியராகமம் 19-ம் அதிகாரம். கவனியுங்கள்: சேர்த்துவைத்துக் கொடுக்கும்படியல்ல, விட்டுவிடும்படியே கட்டளை. கொடுக்கிற கை மேலே நிற்கும். விட்டதைப் பொறுக்குகிறவளோ தன் பாட்டின் பலனைத் தன் மடியில் கட்டிக்கொண்டு வீடு போகிறாள். போவாஸ் இன்னும் ஒரு படி போனார். அரிக்கட்டுகளிலிருந்தே சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடச் சொன்னார். ரூத்தம்மாளை வெட்கப்படுத்தக் கூடாதென்றும் ஆட்களை எச்சரித்தார்.

"சாமி, விட்டால் பிடுங்காத செடியிலும் கை வைப்பார்களே!" வைக்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடலை பொறுக்க வந்த ஒரு கிழவியின் முந்தானையை உதறச் சொல்லிச் சோதித்ததைப் போன மாசியில் கண்ணால் கண்டேன். விழுந்தது இரண்டு பிடி. நானும் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன். படத்தில் அந்தக் குதிரைக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள் ஞாபகம் வருகிறது.

தை பிறந்தால் கோமுகி பாசன வயல்களில் அறுப்பு இயந்திரம் இறங்கும். அது திரும்ப முடியாத மூலைகளில் கொஞ்சம் கதிர் நிற்கும். அதையும் அறுத்துவர அரிவாளோடு ஆள் விடுவது நம் வழக்கம்.