ஒரே வினாத்தாள் ஒரே நீதியாகுமா?



நீதி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது தராசு. வள்ளுவரும் நடுவுநிலைமையைப் பற்றிப் பேசும்போது துலாக்கோலையே உவமையாக எடுத்தாண்டார். ஆனால் தராசைப்பற்றி மலையகத் தொழிலாளிக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. நாள்தோறும் கொழுந்து மடுவத்தில் தராசின் முன் நிற்பவர் அவர். மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று சில கிலோ வெட்டப்படும். சாக்குக்கென்றும் வெட்டு உண்டு. தராசு காட்டுவது ஒன்று, கணக்கில் எழுதப்படுவது வேறொன்று. கேட்டால், "மழையைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?" என்பார்கள்.

அப்படியானால் நாமும் ஒன்று கேட்கலாம். நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது மழையைக் கணக்கில் எடுக்கும் இந்த நாடு, கொள்ளைநோய்க் காலத்துப் பிள்ளையை நிறுத்தபோது அந்த நோயைக் கணக்கில் எடுத்ததா?

இது முடிந்துபோன கதைதானே என்று சிலர் எண்ணலாம். முடியவில்லை. கொவிட் காலத்தில் எழுத்துக்கூட்டிப் பழகிய பிள்ளைகள்தாம் இன்று சாதாரண தரப் பரீட்சையை நோக்கி நடந்துகொண்டிருக்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடைநடுவில் நிறுத்தப்பட்டதையும் கண்டோம். நோயாயினும் மண்சரிவாயினும் இதே கேள்வி மீண்டும் மீண்டும் நம் வாசலுக்கு வரத்தான் போகிறது. ஆகவே அதை அமைதியாக எண்ணிப்பார்ப்பது நம் கடமை.

நடந்தது என்ன?

2020 மார்ச் 13ஆம் திகதி முதல் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ இருபது மாத காலம் திறப்பதும் மூடுவதுமாய்க் கழிந்தது. ஜூலையில் திறந்து, சில நாட்களிலேயே மூடி, ஆகஸ்டில் மீண்டும் திறந்து, ஒக்டோபரில் மறுபடியும் மூடினார்கள். 2021 ஏப்ரல் இறுதியில் மூடப்பட்டவை, அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதிதான் படிப்படியாகத் திறக்கத் தொடங்கின. இடையில், நெடுங்காலச் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் ஜூலை முதல் இணையவழிக் கற்பித்தலையும் நிறுத்தினார்கள். அவர்கள் குறை நியாயமானதே. ஆயினும் அந்த மாதங்களிலும் இழந்தது பிள்ளைதான்.

பாடசாலைக்குப் பதிலாகக் கிடைத்தவை எவை? கைபேசி வழிப் பாடம், 'ஈ-தக்சலாவ' இணையத்தளம், 'குரு கெதர' தொலைக்காட்சி நிகழ்ச்சி. இவை நல்ல முயற்சிகளே, குறை கூறுவதற்கில்லை. ஆனால் அவை யாருடைய கைக்கு எட்டின? கொள்ளைநோய்க்கு முந்திய 2019இல், இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேதான் கணினி இருந்ததென அரச புள்ளிவிபரம் கூறுகிறது. நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவுகளில் கடைசியில் நின்றது தோட்டமே.

ஹற்றனுக்கும் வட்டவளைக்கும் இடையே, புகையிரதப் பாதையோரம் கிடக்கும் நம் றொசல்லையை எண்ணிக்கொள்ளுங்கள். பள்ளத்தில் ஒரு லயம். ஒரு காம்பராவில் அறுவர். வீட்டில் கைபேசி ஒன்று. அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு நாடே கதவடைத்திருந்த நாட்களிலும் தேயிலைத் தோட்டங்களுக்கு மட்டும் வேலை செய்ய அனுமதி இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். கொழும்புப் பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் பக்கத்திலிருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளையின் தாயோ காலைப் பிரட்டுக்குப் போய், மாலையில்தான் மலையிலிருந்து இறங்கினாள். அன்றைய நாட்கூலி 700 ரூபாவை ஒட்டியது. 2021இல்தான் அது 1,000 ரூபாவாயிற்று. அந்தக் கூலியில் அரிசி வாங்குவதா, டேட்டா வாங்குவதா? பதுளை மாவட்டத்தில் அலைவரிசை தேடி மலையுச்சிப் பாறைக்கும், மரத்தின்மேல் கட்டிய குடிலுக்கும் ஏறிய பிள்ளைகளின் படங்களை 2021இல் உலகமே பார்த்தது. ஏறுவதற்குக் கைபேசியே இல்லாத பிள்ளையைப் படம்பிடித்தவர் இல்லை.

மூன்று வழிகள்

இந்நிலையில் பரீட்சையை என்ன செய்வது? உலகம் பல வழிகளைக் கையாண்டது. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, நம் நாட்டு வழி: தள்ளிவைத்து, பின்னர் நடத்துவது. 2020 ஆகஸ்டில் நடக்கவிருந்த உயர்தரப் பரீட்சை ஒக்டோபரில் நடந்தது. டிசம்பரில் வரவேண்டிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சுக்குப் போயிற்று. 2021ஆம் ஆண்டின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை 2022 ஜனவரியிலும், உயர்தரம் பெப்ரவரியிலும், சாதாரண தரம் மே மாதத்திலும் நடந்தன. நாள் மாறியது, அளவுகோல் மாறவில்லை.

இரண்டாவது, இங்கிலாந்தின் வழி. 2020இல் அங்கே உயர்தரப் பரீட்சையை ரத்துச் செய்து, ஆசிரியர் கொடுத்த மதிப்பீட்டை ஒரு கணிதச் சூத்திரத்தால் திருத்தினார்கள். அந்தப் பாடசாலை முன்னாட்களில் பெற்ற பெறுபேறுகளும் சூத்திரத்தில் சேர்ந்தன. விளைவு? ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது மதிப்பீடுகள் கீழிறங்கின. பின்தங்கிய பாடசாலையில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தான் எழுதாத பரீட்சையில், தனக்கு முன் படித்தவர்களின் தோல்விக்காகத் தண்டிக்கப்பட்டது. ஆகஸ்ட் 13இல் வெளியிட்ட முடிவுகளை நான்கே நாட்களில் கைவிட நேர்ந்தது.

மூன்றாவது, தமிழ்நாட்டின் வழி. 2020 ஜூனில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்துச் செய்து அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என மதிப்பெண் வகுத்தார்கள். அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் நடக்கவில்லை. இரக்கமுள்ள முடிவுதான். ஆனால் "தேர்ச்சி" என்று எழுதிக் கொடுப்பதால் தெரியாத பாடம் தெரிந்துவிடுமா? இதை உணர்ந்தே போலும், 2021 ஒக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலரைப் பிள்ளைகளின் தெருவுக்கே அனுப்பினார்கள். மதிப்பெண்ணால் மூடப்பட்ட ஓட்டையை ஆட்களால் அடைக்க வேண்டியிருந்தது.

பரீட்சைக்காக ஒரு வார்த்தை

இவற்றைக் கண்டு, பரீட்சையே அநீதி, அதை ஒழித்துவிடுவோம் என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். பரீட்சைக்கு ஒரு நற்குணம் உண்டு. அது முகம் பார்ப்பதில்லை. விடைத்தாளில் இருப்பது சுட்டெண் மட்டுமே; அதில் லயத்தின் பெயரில்லை, சாதியில்லை, தகப்பன் தொழிலில்லை. ஆளைத் தெரிந்தவர்களின் தயவில் மதிப்பெண் கிடைக்கும் காலம் வந்தால், தயவு தேடிப் போகத் தெரியாத ஏழைதான் முதலில் ஏமாறுவான். மலையகத்திலிருந்து மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் எழுந்தவர்கள் பரீட்சை என்ற ஒற்றையடிப் பாதையிலேதான் ஏறிவந்தார்கள். அதை மூடிவிட்டு, வேறு பாதையும் வெட்டாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் உபகாரமல்ல.

அவ்வாறாயின் தவறு எங்கே? பரீட்சை சொல்லாத ஒன்றை அது சொன்னதாக நாம் வாசிப்பதிலேதான் இருக்கிறது. "இன்று, இந்த மூன்று மணி நேரத்தில், இப்பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்திருந்தது" என்பதே பரீட்சையின் வாக்குமூலம். நாமோ அதை, "இப்பிள்ளையால் இவ்வளவுதான் முடியும்" என்ற தீர்ப்பாக்கி விடுகிறோம். முன்னது அளவு, பின்னது ஆளைப்பற்றிய முடிவு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட மூடிய பாடசாலை நிற்கிறது.

வளையும் அளவுகோல்

நீதி எல்லார்க்கும் ஒரே விதியைக் கேட்கிறது. ஆனால் ஒரே விதி சில வேளை அநீதியாய் முடிகிறது. இந்தச் சிக்கலை முதலில் கண்டவர்கள் நாம் அல்லர். கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில், லெஸ்பொஸ் தீவுக் கட்டடக்காரர் கையாண்ட ஈய அளவுகோலை எடுத்துக்காட்டுகிறார். இரும்புக்கோல் நேரான கல்லுக்கே பொருந்தும். ஈயக்கோலோ கரடுமுரடான கல்லோடு வளைந்து அதை அளக்கும். சட்டம் பொதுவாகப் பேசுவதால் எல்லாச் சந்தர்ப்பங்களையும் அதனால் முன்கூட்டிக் காண இயலாது. அது தவறவிட்ட இடத்தில் அதன் நோக்கத்தைக் கொண்டே அதைத் திருத்துவதும் நீதிதான் என்றார் அவர். வேதபாரகரான புனித தோமஸ் அக்குவினாஸ் இதையே பின்பற்றினார். அடைக்கலமாய் வைத்த பொருளைக் கேட்டவுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கொடுத்தவன் புத்தி பேதலித்த நிலையில் தன் வாளைக் கேட்டால் கொடுக்கலாமா என்று அவர் வினவினார்.

இது நம் நாட்டுக்குப் புதிய கருத்துமன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என வகுத்திருக்கிறார்கள். நுவரெலியாவும் அப்பதினாறில் ஒன்று. அதாவது, எங்கே படித்தான் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் மாவட்டம் என்பது மிகப் பெரிய பாத்திரம். ஹற்றன் நகரத்தில் தனியார் வகுப்புக்குப் போகும் பிள்ளையும், பேருந்து வராத மேற்பிரிவுப் பிள்ளையும் அதே பாத்திரத்திலேதான் கிடக்கிறார்கள். 1945இல் பிறந்த இலவசக் கல்வி, தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற எழுபதுகளிலும் அதற்குப் பின்னருமே இவர்களை முழுமையாக வந்தடைந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அதேவேளை, ஓர் எச்சரிக்கை. அளவுகோலை வளைப்பதில் ஆபத்தும் உண்டு. எழுபதுகளின் தரப்படுத்தல் தமிழ் இளைஞரின் உள்ளத்தில் ஏற்படுத்திய காயத்தை நாடு இன்னும் மறக்கவில்லை. ஈயக்கோல் கல்லின் வடிவத்துக்கு வளையவேண்டும், அளப்பவனின் விருப்பத்துக்கு அன்று. எனவே விதிவிலக்கு எதுவாயினும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாக, எல்லார்க்கும் தெரிந்த காரணத்தை உடையதாக, யாவரும் சரிபார்க்கக் கூடியதாக இருக்கவேண்டும். பாடசாலை எத்தனை நாட்கள் மூடியிருந்தது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கவில்லை என்பன ஒளிவுமறைவின்றி எண்ணக்கூடியவை. அவற்றின்படி பாடத்திட்டத்தைக் குறைக்கவும், மேலதிக வாய்ப்பு அளிக்கவும், ஆசிரியரை முதலில் அனுப்பவும் எந்தச் சூத்திரமும் தேவையில்லை.

நம் பங்கு

அரசாங்கம் செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. தாலந்து உவமையை நினைத்துப் பாருங்கள். ஐந்து தாலந்து பெற்றவன் இன்னும் ஐந்தைக் கொண்டுவந்தான். இரண்டு பெற்றவன் இரண்டைக் கொண்டுவந்தான். எண்ணிக்கை வேறு. எனினும் தலைவன் இருவரையும் ஒரே வார்த்தையால் பாராட்டினான். கொடுத்தது எவ்வளவு என்பதை அவன் மறக்கவில்லை. கொடாத இடத்தில் கேட்கும் தலைவனாக நாம் இருக்கலாமா?

ஆசிரியப் பெருமக்களே, கொள்ளைநோய்க் காலத்தில் பயிற்சித்தாள்களைப் பிரதியெடுத்து லயம் லயமாய்க் கொண்டுசென்றவர்கள் உங்களில் உண்டு. அந்தத் தாளுக்கு யாரும் புள்ளியிட்டுப் பட்டியல் எழுதவில்லை. பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்ப்பதற்கே அது பயன்பட்டது. மதிப்பீட்டின் முதல் வேலை அதுவே. ஏழாம் தரத்துப் பிள்ளை மூன்றாம் தரத்து வாசிப்பில் தடுக்கினால், ஏழாம் தரப் புத்தகத்தை இன்னும் உரத்துச் சொல்வதால் பயனில்லை. தடுக்கிய படிக்கு இறங்கிக் கைகொடுத்து ஏற்றுவதே வழி. பாடத்திட்டம் பிந்துமே என்பீர்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போய்ச் சேரும் பாடத்திட்டத்தால் யாருக்கு என்ன இலாபம்?

பெற்றோரே, தோட்டத்தில் குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர் போடுவார்கள். எட்டு மணி நேரம் மலையில் நின்ற உழைப்பு அரைநாளாய்ச் சுருங்கும்போது நெஞ்சு எப்படிக் கொதிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த அரைப்பேரை உங்கள் பிள்ளைக்கு நீங்களே போட்டுவிடாதீர்கள். "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்ற ஒரே வாக்கியம் எத்தனை பிள்ளைகளைப் பதினாறு வயதில் கொழும்புக் கடைகளுக்கும் பிறர் வீட்டு அடுப்படிக்கும் அனுப்பியிருக்கிறது! பெறுபேற்றுத் தாள் கைக்கு வரும் நாளில், அதைப் படிப்பதற்கு முன், அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று எண்ணுங்கள். சாதாரண தரத்தை மீண்டும் எழுதலாம். தொழிற்பயிற்சி நிலையங்கள் உண்டு. முதல் முறை தவறியவன் முடிந்துபோனவன் அல்லன்.

ஊராரே, கோவில் மண்டபமும் ஆலய மண்டபமும் வாரத்தில் பல மாலைகள் பூட்டிக் கிடக்கின்றன. உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் இளைஞரும் யுவதியரும் தோட்டந்தோறும் இருக்கிறார்கள். ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை, வாரத்தில் மூன்று மாலை. பிள்ளை எந்த மதத்தது என்று கேளாமல் வாசிக்கச் சொல்லிக் கொடுக்க இவை போதும். அடுத்த மண்சரிவோ அடுத்த நோயோ பாடசாலையை மூடும் நாளில், அந்தச் சிறு வகுப்பு ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும்.

ஒரே வினாத்தாளை எல்லார் முன்னும் வைப்பது நீதியின் கடைசிப் படி. அதற்கு முந்திய படிகளை விட்டுவிட்டுக் கடைசிப் படியில் மட்டும் சமத்துவம் பேசுவது, பிரட்டுக்கு அழைக்காதவனிடம் மாலையில் கொழுந்து கேட்பதற்கு ஒப்பாகும். அந்த முந்திய படிகளில் சில நம் கைக்கு எட்டியவை. அவற்றை இந்தத் தவணையிலேயே தொடங்குவோமா?