பாதம் மறந்த வண்டி

சர்க்கரை நோய் நரம்பைத் தாக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் பாதத்தில்தான் முதலில் தெரியும். முதுகெலும்பிலிருந்து கால்விரல் நுனிவரை இறங்கிப் போகிறவைதான் உடம்பிலேயே நீளமான நரம்புகள். வருஷக்கணக்கில் இரத்தத்தில் கூடிக் கிடந்த சர்க்கரை அந்த நரம்புகளையும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுபோகிற மெல்லிய குழாய்களையும் கெடுக்கும்போது நுனிதான் முதலில் பட்டினி கிடக்கிறது. முதலில் எரிச்சல், பிறகு ஊசி குத்தல், அப்புறம் மதமதப்பு. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். தரையைப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு அந்தக் கட்டம் வந்தபோது மருத்துவர் ஒரு நைலான் இழையை எடுத்தார். பத்து கிராம் அழுத்தத்துக்கு வளைந்துவிடுகிற இழை. "கண்ண மூடிக்குங்க சார், படும்போது சொல்லுங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, அவர் எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். "முடிஞ்சிடுச்சு சார், திறக்கலாம்" என்றார்.

எழுந்து செருப்பைக் கண்ணால் தேடி மாட்டும்போது எனக்கு வண்டி ஞாபகம்தான் வந்தது. வீட்டு ஷெட்டில் நிற்கிற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1959-இல் டிரயம்ஃப் ஹெரால்ட் என்று வந்த கார் அது. வடிவம் கொடுத்தவர் ஜியோவானி மிகெலோத்தி என்கிற இத்தாலியர். 1961 முதல் இங்கே சென்னையில், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதைத் தயாரித்தது. கல்கத்தாப் பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஹெரால்ட் என்று நாட்டுக்கே மூன்று கார்கள் இருந்த காலம். இங்கிலாந்தில் ஹெரால்ட் சலூனுக்கு இரண்டு கதவுதான். பின்சீட்டுக்குத் தனிக் கதவு வைத்து நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கியது நம் சென்னைத் தொழிற்சாலை. என்னுடையது அந்த வகை. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பர் பிளேட்டோடு, வாலிப வயதில், இரண்டாம் கையாக வாங்கினேன். அந்தத் தொழிற்சாலை இருந்த வழியாகத்தான் பிறகு பல காலம் வேலைக்குப் போய் வந்தேன்.

அந்த வண்டிக்கு பானெட் என்று தனி மூடி கிடையாது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் முன்னால் சாய்ந்து திறந்துகொள்ளும். திறந்த பிறகு முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக்கைக் கழற்றலாம், பாயின்ட்டைத் தேய்த்துச் சரிபண்ணலாம், கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டுகூடத் துடைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் அதிகம் உட்கார்ந்த நாற்காலி அந்த டயர்தான். திரும்புகிற வட்டமோ வெறும் 25 அடி. மயிலாப்பூரின் குறுகலான தெருக்களில் இன்றைய சின்னக் கார்களே இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த்தான் திரும்புகின்றன. ஹெரால்ட் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும்.

இவ்வளவும் சொல்வது பெருமைக்காக மட்டும் இல்லை. 948 சி.சி. எஞ்சின், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், பிரேக்குக்கோ ஸ்டியரிங்குக்கோ எந்தத் துணையும் கிடையாது. எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். முதல் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுசாக நின்ற பிறகு போட வேண்டும், இல்லையென்றால் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். இன்றைய காரில் ஒரு கோளாறு என்றால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். ஹெரால்டில் அந்தச் செய்தி பாதத்துக்குத்தான் வரும். கிளட்ச் மேலே பிடிக்க ஆரம்பித்தால் பிளேட் தேய்கிறது. பிரேக் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் லைனிங் தேய்ந்துவிட்டது. மிதிக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டது, உடனே பிளீட் பண்ண வேண்டும். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. கால் கற்றுக்கொண்டது, வருஷக்கணக்கில் அதுவே வைத்துக்கொண்டிருந்தது.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த வாரம் ஷெட்டுக்குள் போய், எஞ்சினை ஓட விடாமல், சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. பஞ்சாக இருப்பது பிரேக்கா என் பாதமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னேன். "கல்லு மாதிரி இருக்கு சார், ஏன் கேக்கறீங்க?" என்றார்.

முடிவு அங்கேயே ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். ஒப்புக்கொள்ளத்தான் நாள் பிடித்தது.

வண்டியை ஓட்ட வேண்டாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மருத்துவர் ராத்திரியில் வேண்டாம், தூரம் வேண்டாம் என்றதோடு சரி. லைசென்ஸ் செல்லுபடியாகத்தான் இருந்தது. லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது உடல்தகுதி பற்றி நாமே கையெழுத்திட்டுத் தருகிற படிவம் 1-ஐ எடுத்துப் படித்துப் பார்த்தேன். வலிப்பு உண்டா, 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, கை கால் அசைவில் குறை உண்டா என்று வரிசையாகக் கேட்கிறது. எனக்குக் காலில் அசைவு போகவில்லை, பலம் போகவில்லை. போனது உணர்ச்சி. அதைப் பற்றி நேரடியாக ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் கடைசியில் பொதுவாக ஒரு கேள்வி இருக்கிறது: நீங்கள் ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடிய வேறு ஏதாவது நோயோ குறையோ உங்களுக்கு உண்டா என்று. அதற்குப் பதில் தெரிந்தவன் என் ஊரில் நான் ஒருவன்தான். நடையைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்கும் தெரியாது. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. அதில் எத்தனையோ பேர் தினமும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்கள். பாதத்தைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் அதில் கொஞ்சம்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். கண்ணுக்குக் கண்ணாடி மாற்றிக்கொள்கிற அக்கறையில் பாதி, காலுக்கு நம்மிடம் இல்லை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு எங்கள் தெருமுனையில் பிள்ளைகள் கும்பலாக ரோட்டைக் கடப்பார்கள். ஹெரால்டில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் நெருக்கமாக இருக்கும். எது காலுக்கடியில் இருக்கிறது என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும் என்கிற நிலையில் அந்த முனையைத் திரும்ப எனக்கு உரிமை இல்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. வேறு யாரோ சொல்லி, சாவியைப் பிடுங்கிக்கொள்ளும்படி ஆவதற்கு முன்னால் நானே சொல்லிக்கொண்டேன் என்பதில் ஒரு ஆறுதல் உண்டு. முதுமையில் நம் கையில் மிச்சம் இருக்கிற முடிவுகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கிற ஒன்றை நாமே எடுப்பது பெரிய காரியம்தான்.

"டிரைவர் போட்டுக்கலாமேங்க" என்றாள் மனைவி. நியாயமான யோசனை. ஆனால் ஹெரால்டின் பவர் இல்லாத ஸ்டியரிங்கை இன்றைய டிரைவர்கள் யாரும் விரும்பிப் பிடிப்பதில்லை. அதைவிட, எனக்கு அந்த வண்டியில் போவது முக்கியமாக இருந்ததே இல்லை, ஓட்டுவதுதான் முக்கியம். கைக்கட்டுப்பாடு பொருத்தலாமா என்றும் விசாரித்தேன். உடல் குறைபாடு உள்ளவர்களுக்காக வண்டியை மாற்றியமைத்து ஓட்டச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பவர் பிரேக் உள்ள ஆட்டோமேட்டிக் காரில் அது நன்றாக வேலை செய்யும். காலால் அழுத்தியே நிறுத்த வேண்டிய டிரம் பிரேக்கைக் கையால் அழுத்தி நிறுத்துவது அறுபது தாண்டியவனுக்கு ஆகாத வேலை. மகள் ஓட்டுவாள், ஓட்டத் தெரியும். அவளுக்கு அந்த வண்டியின் மேல் பிரியம் இல்லை. என் மேல்தான் பிரியம். "உங்களுக்காக வேணா எடுத்துக்கறேம்பா" என்றாள். என் ஆசையைக் கடமையாக்கி அவள் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிச்சம் இருந்தது, ஷெட்டிலேயே வைத்துக்கொள்வது. நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். காலையில் கண்ணால் பார்த்தால் போதும் என்பார்கள். நான் அப்படி நின்றுபோன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகக் காய்ந்து போகும். பிரேக் சிலிண்டரின் ரப்பர் இறுகி ஒட்டிக்கொள்ளும். சென்னையின் உப்புக் காற்றில் டேங்க் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். டயர் ஒரே பக்கம் தட்டையாகிப் போகும். ஒயரை எலி கடிக்கும். அருங்காட்சியகம் என்றால் பராமரிப்பார்கள். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் அறக்கட்டளை வைத்திருக்கும் கார் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஒரு சாதாரண வீட்டு ஷெட்டில் ஓடாமல் நிற்கிற வண்டி மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கிறது. என் காலுக்கு வந்ததற்காக அதை நிறுத்தி வைப்பது பாசம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டது, ஓடுகிற வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்றுதானே.

விற்பது என்று வெளியில் சொன்னதும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கல்யாண வாடகைக்கு விடக் கேட்டார். ஒருவர் ஓட்டல் வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்த, எஞ்சின் வேண்டாம், கூடு மட்டும் போதும் என்றார். நல்ல விலையும் சொன்னார். புரோக்கர் ஒருவர் பார்ட்ஸாகப் பிரித்தால் இன்னும் அதிகம் வரும் என்றார். அவர்கள் பிழைப்பு அது. எனக்குக் கோபம் இல்லை. மறுபடி பேசவும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருக்கிற பெண் ஒருவர் வந்தார். பெயின்ட்டைப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ட்ரனியனுக்கு கிரீஸ் போடறீங்களா, ஆயிலா சார்?" என்று கேட்டார்.

ஹெரால்ட் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். முன்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டு, அடியில் ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரையாக இறங்கி நிற்கும். அந்தக் கட்டைதான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழலும். அங்கே கிரீஸ் அடிக்கக் கூடாது. 90-ஆம் நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடிவரை போய்ச் சேராது. மழைத் தண்ணீர் இறங்கி, தண்டு துருப்பிடித்து, ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடிந்து விழும். மற்ற வண்டிகளின் பழக்கத்தில் கிரீஸ் கன்னை அங்கே வைத்து அழுத்திவிடுகிற பட்டறைகள் உண்டு. ஆயில்தான் என்றேன். "அப்பச் சரி சார்" என்றார். முதலில் பெரிய தொகை சொன்னவரைவிடக் குறைவாகத்தான் அவரால் தர முடிந்தது. அதற்கே கொடுத்தேன்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் தயாராக இருந்தன. விற்கிறவர், வாங்குகிறவர் என்று படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள். விற்கிறவர் கட்டத்தில் கையெழுத்துப் போடும்போது கண் கலங்கியது. "வெறும் வண்டிதானே சார்" என்று பக்கத்தில் இருந்த ஏஜென்ட் சமாதானம் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியத்தை நான் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. ஒரு பொருளோடு இத்தனை காலம் உடம்பு சேர்ந்து வேலை செய்திருந்தால், அது போகும்போது உடம்பில் ஒரு பகுதியும் சேர்ந்தே போகிறது. மனிதர்களை இழந்த துக்கத்தோடு இதை ஒப்பிட வேண்டியதில்லை. ஒப்பிடாமலே இதற்கும் அழலாம். எனக்கு அதில் கூச்சம் இல்லை. அந்த வண்டிக்காக அழுததில் பாதி, எதையும் உணராமல் போன என் கால்களுக்காக அழுதது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் பிரிக்க நான் முயலவில்லை.

இப்போது நான் எந்த வண்டியும் ஓட்டுவதில்லை. வலது கால் எந்தக் காரிலும் அதே கால்தான்.

அந்தப் பெண் அவ்வப்போது போன் பண்ணுகிறார். 2021-இல் வந்த விதிப்படி, பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. அதனால் அது வேண்டாம் என்றார், வேலைக்கு இதிலேயே போய் வரப் போகிறாராம். போன வாரம் கொஞ்சம் தயங்கித் தயங்கி, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடலாமா, உங்களுக்கு வருத்தமா இருக்குமா சார் என்று கேட்டார். என் காலத்தில் நான் அந்த வண்டியில் ஒரு திருகாணியைக்கூட வேறு மாதிரி மாற்ற விட்டதில்லை. தாராளமாகப் போடுங்க அம்மா என்றேன். பிற்கால ஹெரால்டுகளுக்கு இங்கிலாந்திலேயே முன்பக்கம் டிஸ்க் வந்துவிட்டது. அந்தச் சாமான்களை அங்கிருந்து வரவழைத்தால் இதே 13 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும். டிஸ்க்கோடு ஹப்பும் தண்டும் சேர்ந்தே மாறும், தனியாக டிஸ்க் மட்டும் வாங்கி ஏமாந்துவிட வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.