நடை

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, வகுப்பில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "லீவுல என்ன பண்ணின?" ஒருவன் சென்னையில் இன்டர்ன்ஷிப் முடித்திருந்தான். ஒருத்தி இரண்டு ஆன்லைன் படிப்புகளுக்குச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். நான் ஒரு மலை ஏறினேன், இரண்டு கச்சேரி கேட்டேன், அம்மாச்சி வீட்டில் இருபது நாள் இருந்தேன். சொல்லி முடித்ததும் எதையோ தவறவிட்டுவிட்டேனோ என்று மனம் உறுத்தியது. பல நாள் யோசித்த பிறகுதான் தெளிந்தது. 2024 கோடையில் நான் ஒரே பாடத்தை மூன்று இடங்களில் படித்திருக்கிறேன். அதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: நடை.

மே முதல் வாரத்தில் நண்பர்கள் நால்வர் வெள்ளியங்கிரி ஏறினோம். கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் தொடங்கி ஏழு மலை. ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. பிப்ரவரி முதல் மே வரைதான் பொதுவாக ஏற விடுவார்கள். வெயிலுக்குப் பயந்து பலரும் இரவில்தான் ஏறுவார்கள். நாங்களும் ஆளுக்கொரு மூங்கில் தடியும் டார்ச்சுமாக இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். தொடக்கத்தில் படிகள். இருபது வயதுக் கால்கள் இரண்டிரண்டு படியாகத் தாவின. முதல் மலை முடிவதற்குள் மூச்சு முட்டி, பாறையில் சாய்ந்துவிட்டோம்.

பின்னால் வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். அறுபதைத் தாண்டியிருப்பார். வெறுங்கால். "ஏனுங் தம்பி, ஓடியாந்தீங்களா? மலையில பேசிட்டே ஏறோணுமுங்க. பேச்சு நின்னு போச்சுன்னா வேகம் சாஸ்தின்னு அர்த்தம்" என்றார். இந்த மலையில் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் உயிர்விடுகிறவர்கள் உண்டு. அந்தக் கோடையிலும் இறந்தார்கள். அவர் சொன்னது உயிர் காக்கும் சொல்.

அவர் பின்னாலேயே நடந்தோம். தடியை ஊன்றுவார், ஓர் அடி. மறுபடி ஊன்றுவார், இன்னோர் அடி. ஏற்றத்திலும் சமதரையிலும் அந்தக் கணக்கு மாறவில்லை. எங்களை முந்திப் போனவர்களில் பலர் வழியில் பாறைகள்மீது உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டி சுனையில் முகம் கழுவியபோது தண்ணீரின் குளிரில் விரல் மரத்தது. விடிவதற்கு முன் ஏழாவது மலை உச்சியில் நின்றோம். பேரனின் படிப்பு முதல் தென்னையில் வந்த நோய் வரை, அவர் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்திருந்தார்.

அடுத்த வாரம் கோவையில் ஒரு திரையிசைக் கச்சேரி. திடல் நிறைந்த கூட்டம். பிடித்த பாட்டு வந்ததும் ஆயிரக்கணக்கான கைகள் தாளம் போட்டன. கூட்டத்தின் கைதட்டலுக்கு ஓர் இயல்பு உண்டு: உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறிவிடும். அன்றும் ஏறியது. டிரம்ஸ் வாசித்தவர் மட்டும் அசையவில்லை. பிடித்த காலத்தை விடாமல் பிடித்திருந்தார். சற்று நேரத்தில் திடலே அவரிடம் திரும்பி வந்து சேர்ந்தது.

இரண்டாவது கச்சேரியை அம்மாச்சி ஊரில் கேட்டேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமம், வைகாசி விசாகம். சுவாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசித்தார்கள். மல்லாரிக்குச் சாகித்யம் கிடையாது. கம்பீரநாட்டை ராகத்தில் முதலில் நிதானமாகத் தொடங்கி, பிறகு அதையே அடுத்தடுத்த காலங்களில் வாசிப்பார்கள். சுவாமியைத் தோளில் சுமந்தவர்கள் அந்த நிதானத்துக்கு அடியெடுத்து வைத்தார்கள். தவில்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். "தோள்ல பாரத்தோட நடக்குறவங்களுக்காக வாசிக்கிறோம் தம்பி. அவங்க கால் இடறுற மாதிரி நாம வாசிக்கக் கூடாது" என்றார். தாளத்தின் உட்கணக்குக்கும் நடை என்றே பெயர்: மூன்று மூன்றாகப் போனால் திஸ்ர நடை, நான்கு நான்காகப் போனால் சதுஸ்ர நடை.

அம்மாச்சி வீட்டிலும் ஒரு நடை இருக்கிறது. வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையிலுள்ள அந்தக் குளிர்ந்த இடத்தில்தான் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். முழங்கால் வலி. "சுவாமிமலைக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போறியா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டார். சுவாமிமலையில் 60 படிகள். ஒவ்வொன்றும் ஒரு தமிழ் வருடம். மலை ஏறிவிட்டு வந்தவனுக்கு அது இரண்டு நிமிட வேலை. அன்று முக்கால் மணி நேரம் ஆனது.

பிரபவ, விபவ என்று எண்ணிக்கொண்டே என் தோளைப் பிடித்து ஏறினார். பதினெட்டாவது படியில், "தாரண. இது உன் வருஷம்" என்றார். நான் 2004-இல் பிறந்தவன். இருபத்திரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். சர்வதாரி: 1948, அவர் பிறந்த வருடம். எங்களுக்கு இடையே 56 ஆண்டுகள். படிக்கணக்கில் நான்கே படிகள். அடுத்த படி விரோதி. அதில் கால் வைக்க அம்மாச்சிக்கு வெகு நேரமானது. 2009-இல் விரோதி வருடத்தில்தான் தாத்தா இறந்தார். அப்போது எனக்கு ஐந்து வயது. அந்தப் படியில் வைத்துத்தான் தாத்தாவின் கடைசி நாட்களை முதல் முறையாக எனக்குச் சொன்னார். கீலக வந்ததும் முகம் மலர்ந்தது; அது அவர்கள் கல்யாண வருடம். இவ்வளவையும் வீட்டில் இருபது நாள் உட்கார்ந்து கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. அந்தப் படிகளும் அந்த மெதுவான ஏற்றமும்தான் சொல்ல வைத்தன.

நடப்பதும் நடை; தாளத்தின் கணக்கும் நடை; வீட்டுக்குள் நுழையும் வழியும் நடை. ஒருவன் மற்றவரிடம் பழகும் விதத்தை நடத்தை என்கிறோம். நம் வேகத்தை அடுத்தவரின் மூச்சுக்கும் தோளுக்கும் முழங்காலுக்கும் ஏற்ப வைத்துக்கொள்ளத் தெரிவதே நல்ல நடத்தை என்று இப்போது நினைக்கிறேன். வேகமாகப் போகக் கல்லூரி எனக்குச் சொல்லிக் கொடுக்கிறது, அது தேவைதான். உடன் போகச் சொல்லிக் கொடுத்தது அந்தக் கோடை.

அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும் நண்பர்களே, இன்டர்ன்ஷிப்புக்குப் போங்கள், சான்றிதழும் வாங்குங்கள். கூடவே சில நாட்களை, உங்களைவிட மெதுவாக நடக்கும் ஒருவரோடு நடப்பதற்கென்று ஒதுக்கி வையுங்கள். நமக்கு இன்னும் பல கோடைகள் இருக்கின்றன. அவர்களுக்கு அத்தனை இல்லை.