ஏற்காட்டில் இரண்டு நாள்: சேமிப்பும் தவக்குலும்



நாளைக்கென்று நான்கு காசை எடுத்து வைப்பது தவக்குலுக்குக் குறைவா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது கிதாபு அல்ல, ஏற்காட்டு மலை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மோதினாரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, அரபிக் கல்லூரியில் என்னோடு ஓதிய மூன்று தோழர்களுடன் சேலத்திலிருந்து மலை ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் பழைய கதைகளிலேயே கடந்துபோயின. இப்படி ஓய்வெடுப்பது குற்றமில்லை. இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்ற கருத்தில் ஹன்ழலா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிம் நூலில் பதிவாகியிருக்கிறது.

எங்களில் ஒருவர் வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டி வந்திருந்தார். ஏரியில் படகுக்கு வரவில்லை என்றார். டீ குடித்த செலவைக்கூடச் சிறு நோட்டில் எழுதினார். நாங்கள் கேலி செய்தோம். "ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ். உங்களுக்கு ஏன் மவ்லவி இவ்வளவு கணக்கு?" என்று கேட்டதே நான்தான். அவர் சிரித்துக்கொண்டார்.

அன்று இரவு இன்னொரு தோழர் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "அறை வாடகைப் பங்குக்காக வீட்டுக்காரியின் கம்மலை வட்டிக்கு வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் எல்லாரும் கிளம்பும்போது முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது." (அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.)

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த அறையைப் பிடித்தவன் நான். யாரிடமும் தொகையைக் கேட்கவில்லை. வட்டியைப் பற்றி மிம்பரில் எத்தனை முறை பேசியிருப்பேன்! என் தோழர் அதில் விழ நானே காரணமானேன்.

அடகு வைப்பது ஹராம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவச ஆடை, வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்பது புகாரியில் உள்ள செய்தி. அது குடும்பத்தின் உணவுக்காக, வட்டியின்றி வைக்கப்பட்டது. எங்களுடையதோ உல்லாசத்துக்காக, வட்டிக்கு.

ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் காபித் தோட்டப் பாதையில் நடந்தோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. பழம் பறிப்பது ஆண்டுக்கு ஒரு பருவம்தான். அந்தப் பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிடாத விவசாயி என்ன ஆவார்? அதனால் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுகிறார்கள். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். யூஸுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளின் தானியத்தைப் பஞ்ச காலத்துக்காகக் கதிரோடு வைக்கச் சொன்னது என் நினைவுக்கு வந்தது. ஒரு நபிக்கு இல்லாத தவக்குலா நமக்கு?

நம் நபி (ஸல்) அவர்களும் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்ததாக உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). ஜகாத்தையே பாருங்கள். நிஸாபை எட்டிய பணம் ஓராண்டு நம்மிடம் இருந்தால்தான் இரண்டரை சதவீதம் கடமையாகிறது. சேமிப்பே தவறென்றால் இந்தச் சட்டம் எதற்கு?

அப்படியானால் தவறு எங்கே? பொன்னையும் வெள்ளியையும் குவித்து, அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதவர்களைத் தவ்பா அத்தியாயம் 34ஆம் வசனம் கடுமையாக எச்சரிக்கிறது. தேவை வந்து கதவைத் தட்டும்போது திறக்கிறதா என்பதில்தான் சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

அந்தக் கதவு திறந்ததை அன்று காலையே பார்த்தேன். நோட்டில் கணக்கு எழுதிய தோழர் இரவில் தூங்கவில்லை போலும். நடந்துகொண்டிருந்தவர் மற்றவரின் தோளில் கைபோட்டு, "நாளைக்கே கம்மலை மீட்டுவிடுங்கள். நான் தருகிறேன், முடிந்தபோது கொடுங்கள்" என்றார். அதுதான் அழகிய கடன். தவக்குலைப் பற்றிப் பேசிய என் கையில் அன்று கொடுக்க எதுவும் இல்லை. நாங்கள் கேலி செய்த கைதான் நீண்டது.

அன்புச் சகோதரர்களே! செலவழிப்பதில் வீண் விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுநிலையை அல்ஃபுர்கான் அத்தியாயம் 67ஆம் வசனத்தில் ரஹ்மானுடைய அடியார்களின் பண்பாக அல்லாஹ் சொல்கிறான். நண்பர்களோடு போங்கள், சிரித்து மகிழுங்கள். ஆனால் தொகையை முதலில் சொல்லுங்கள். கூட்டத்தில் குறைவாக உள்ளவருடைய சக்திக்கு ஏற்பத் திட்டமிடுங்கள். உங்களால் முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். அதில் அவமானம் இல்லை. மாதம் ஒரு சிறு தொகையை எடுத்து வையுங்கள், ஒரு சகோதரனை வட்டியிலிருந்து காப்பாற்ற அது போதுமானதாகலாம்.

வல்ல ரஹ்மான் நம் ரிஸ்கில் பரக்கத்தையும், நம் கைகளுக்கு நடுநிலையையும், வட்டியிலிருந்து பாதுகாப்பையும் தருவானாக! ஆமீன்.